எறும்புக்கு ஒரு சனிக்கிழமை

நான்கு சனிக்கிழமை, நான்கு பேர்.
அடிக்கோல் வைத்து நான்தான் கட்டம் போட்டேன்.
முதல் சனி ஜெயகௌரி, அடுத்தது சாதிக்,
மூன்றாவது நான்,
நான்காவது செங்கோடன் சார்.
ஆளுக்கு நாற்பது நிமிடம் கதை.
இதைவிட நேரான தராசு
செவ்வாய்ப்பேட்டை வெள்ளிக்கடையிலும் இருக்காது
என்று நினைத்துக்கொண்டு
அறிவிப்புப் பலகையில் குத்தினேன்.

முதல் மாதமே முள் சாய்ந்தது.
சாதிக்குக்குக் கணினியில் பதிவு வேலை.
செங்கோடன் சாருக்கு முட்டிவலி,
பாயில் உட்கார முடியாது;
நாற்காலியில் உட்கார்ந்தால்
பரீட்சை என்று பிள்ளைகள் பயந்துகொள்கிறார்கள்.
நான் இருப்பெடுப்பு என்று சொன்னேன்.
இருப்பெடுப்பு மார்ச்சிலேயே முடிந்திருந்தது.

"உங்களுக்குத்தான் நல்லா வருது மேடம்."
இந்த ஒரு வரியை வைத்து
மூன்று பேரின் சனிக்கிழமையையும்
ஜெயகௌரி மடியில் இறக்கினோம்.
கேட்க, பாராட்டு மாதிரியே இருந்தது.

எங்கள் கிளை நூலகம் அம்மாபேட்டையில்.
குழந்தைகள் பிரிவுக்கும் விசைத்தறிக் கூடத்துக்கும்
ஒரே சுவர்.
தறிச் சத்தத்தில் தூங்கி வளர்ந்த பிள்ளைகள்
ரகசியத்தையும் தெருமுனைக்குக் கேட்கச் சொல்வார்கள்.
அவர்களுக்கு மேலே, தறிக்கும் மேலே
நரி பேசியாக வேண்டும்.
எறும்பும் அதே குரலில்
கத்தியாக வேண்டும்.

ஜூலையில் ஒரு நாள்
ஜெயகௌரி பேசாமல் ஒரு துண்டுச் சீட்டை நீட்டினார்.
'தொண்டை போச்சு. பத்து நாள் பேசக்கூடாதாம்.'
அதற்குக் கீழே ஒரு வரி, பேனாவால் அடித்தது.
அடித்ததைத்தான் நான் முதலில் படித்தேன்:
'எறும்புக்கு ஒரு நாளாவது
எறும்புக் குரல் கொடுக்கணும்.'

அந்தச் சனி நான் உட்கார்ந்தேன்.
என் கரடி இரண்டாம் பக்கத்திலேயே செத்துப்போனது.
"அப்புறம்?" என்றாள் கவிநிஷா.
அப்புறம் என்று என்னிடம் எதுவும் இல்லை.
"ஜெயகௌரி மிஸ் சொன்னா கரடி சாகாது" என்றாள்,
தெருவுக்கே கேட்டது.

நாற்பது நிமிடம் என்று எழுதிய கை
அன்று ராத்திரி திரும்பக் கூட்டிப் பார்த்தது:
வெள்ளிக்கிழமை கதை தேடின இரண்டு மணி நேரம்,
சமையலறைச் சுவருக்குச் சொல்லிப் பார்த்த அரைமணி,
நான்கு முறை ஒண்ணுக்கு,
ஒரு வாந்தி, மாறிப்போன ஒரு ஜோடி செருப்பு,
வீட்டுக்குப் போன பிறகும் காதில் ஓடிய தறி.
வாந்தியைத் துடைத்ததும்
செருப்பைக் கண்டுபிடித்ததும் பச்சியம்மாள்.
கூட்டிப் பெருக்குகிறவர். ஒரு சனியும் தவறியதில்லை.
கட்டத்தில் அவர் பெயரே இல்லை.

புதுப் பட்டியலில் சேர்த்தேன்.
"எதுக்கு சார் எழுதுனீங்க?
நாளைக்கு நான் லீவு போட்டா கேள்வி வருமே" என்றார்.
பதில் தெரியாமல்
திங்கட்கிழமை அவருக்கு மாற்று விடுப்பு என்று
பக்கத்தில் பென்சிலால் எழுதி வைத்தேன்.
சாதிக் இரண்டாம் சனிக்கு ஒப்புக்கொண்டான்.
செங்கோடன் சார் நின்றுகொண்டே சொல்கிறாராம்.

அப்புறம் மின்வாரியத்துக்கு போன் போட்டேன்.
மாதாந்திரப் பராமரிப்பு:
மூன்றாவது சனி, காலை ஒன்பது முதல் ஐந்து வரை.
என் முறை.
என் பெயரை அழித்து ஜெயகௌரி என்று எழுதினேன்.
அவருடைய முதல் சனி எனக்கு,
தறியோடு சேர்த்து.

அந்த நாள் வந்தது.
தறி நின்றது, மின்விசிறியும்தான்.
வேர்த்து ஊற்றியது.
சத்தமில்லாத இடத்தில் என்ன செய்வதென்று தெரியாமல்
பிள்ளைகள் கொஞ்ச நேரம் கத்திப் பார்த்தார்கள்.
பிறகு கடைசி வரிசை முட்டியால் தவழ்ந்து
முன்னால் வந்தது.

நாளிதழ் மேசையருகே நின்ற எனக்கு
ஜெயகௌரியின் உதடு அசைவது மட்டும் தெரிந்தது.
"எறும்பு என்ன சொல்லுது?" என்றேன்,
வாசற்படியில் துடைப்பத்தோடு நின்ற
பச்சியம்மாளிடம்.

"சும்மா இருங்க சார்,
கேக்க மாட்டேங்குது."